லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்: செடி நடுவதற்கு எதற்கு நான்கு வருடப் படிப்பு?

“லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கப்போகிறேன்” என்று ஒரு மாணவர் வீட்டில் சொன்னால், உடனே திரும்பி வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “செடி வைக்கிறதுக்கு ஒரு டிகிரியா?” கேட்பவர்மேல் தப்பில்லை. ஒரு பூங்காவுக்குள் போனால் கண்ணில் படுவது புல்தரை, மரம், நடைபாதை, உட்கார நாலு பெஞ்சு. அதற்கு அடியில் யாரோ மண்ணை வெட்டி நிரவி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டு, இன்று நடும் கன்று முப்பது வருடம் கழித்து எவ்வளவு அகலம் விரியும் என்று யோசித்திருப்பது வெளியே தெரியாது. வேலை நன்றாக நடந்திருந்தால், அந்த இடம் எப்போதும் அப்படித்தான் இருந்தது என்றே நினைத்துக்கொள்வோம்.

குழப்பம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. “எனக்குச் செடி பிடிக்கும், படமும் வரைவேன்” என்று நம்பிச் சேருகிறவர்கள், முதல் வருடத்திலேயே நில அளவையும் மண் அறிவியலும் வரும்போது திகைத்துப்போகிறார்கள். அதனால் இந்தப் படிப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். முன்னறிவு எதுவும் வேண்டாம்.

## குளியலறைத் தரையிலிருந்து ஆரம்பிப்போம்

குளியலறைத் தரை பார்ப்பதற்குச் சமமாகத்தான் இருக்கும். நிஜமாகவே சமமாக இருந்தால் தண்ணீர் போகாது. அதனால் கொத்தனார், தண்ணீர் வெளியேறும் துளையை நோக்கித் தரையை லேசாகச் சாய்த்துப் போடுவார். இந்தச் சாய்வுக்குப் பெயர் வாட்டம். வாட்டம் குறைந்தால் ஒரு மூலையில் தண்ணீர் நிற்கும், கூடினால் கால் வழுக்கும். சரியாக விட்டிருந்தால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

இப்போது அந்தத் தரையைப் பத்து ஏக்கர் நிலமாக நினைத்துப் பாருங்கள். நடுவில் வெட்டக் கூடாத ஐந்து பெரிய மரங்கள் நிற்கின்றன. ஒரு ஓரத்தில் சாலை ஓடுகிறது, அதன் மட்டம் உங்கள் கையில் இல்லை. இன்னொரு ஓரத்தில் அடுத்தவர் நிலம், உங்கள் மழைநீரை அங்கே தள்ளிவிட முடியாது. சக்கர நாற்காலியில் வருகிறவரும் தடுமாறாமல் உள்ளே வர வேண்டும், குழந்தைகள் ஓடி விளையாட இடம் வேண்டும், வெயில் நேரத்தில் நிழல் வேண்டும், ராத்திரியில் தனியாக நடந்து போகிறவருக்குப் பயம் வரக் கூடாது. இத்தனைக்கும் ஒரே மண்தான் இருக்கிறது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது.

கட்டடத்துக்கு வெளியே உள்ள நிலத்தை, அதன் மேடு பள்ளம், தண்ணீர், மண், செடிகொடி, அங்கே வரும் மனிதர்கள், ஓடும் காலம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து வடிவமைக்கும் தொழில்தான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர். தமிழில் இதை நிலத்தோற்றக் கட்டடக்கலை என்று எழுதுகிறார்கள். அதில் உள்ள ‘தோற்றம்’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் படிப்பின் பாதி தோற்றத்துக்கு அடியில் நடப்பதைப் பற்றியது. வீட்டு முற்றம், பள்ளி வளாகம், ஆற்றங்கரை, மூடிப்போன தொழிற்சாலை, குப்பைக் கிடங்கு, ஒரு நகரத்தின் முழுப் பூங்கா வரிசை, எல்லாமே இதற்குள் வரும்.

## நிலத்தைத் தாளில் படிப்பது

முதல் வருடத்தில் பலரைப் பயமுறுத்துவது சம உயரக் கோடுகள். உண்மையில் இது எளிமையான விஷயம்.

கோடையில் வற்றிக்கொண்டு வரும் ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கரையைச் சுற்றி ஒரு தடம் விட்டுவிட்டுப் போகும். ஒரு தடத்தில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் உயரம் ஒன்றுதான். இப்படி ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை இணைக்கும் கோடுதான் சம உயரக் கோடு. இந்தத் தடங்களை மேலிருந்து பார்த்து வரைந்தால் அந்தக் குளத்தின் வடிவம் தாளில் வந்துவிடும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் அங்கே நிலம் செங்குத்து, விலகி இருந்தால் மெல்லிய சரிவு. தண்ணீர் எப்போதும் இந்தக் கோட்டைக் குறுக்கே, நேர்செங்குத்தாக வெட்டிக்கொண்டு கீழே இறங்கும்.

இதைப் புரிந்துகொண்டவருக்கு வெறும் கோடுகள் நிறைந்த தாள், மேடும் பள்ளமும் ஓடையுமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அந்தப் பார்வை வருவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். அட்டையை உயரத்துக்கு ஒன்றாக வெட்டி அடுக்கி மாதிரி செய்யச் சொல்வார்கள், விரல் வலிக்கும், ஆனால் அதில்தான் பலருக்கும் இது பிடிபடுகிறது.

அடுத்த படி, கோட்டை நகர்த்துவது. தாளில் ஒரு சம உயரக் கோட்டை இரண்டு மீட்டர் இந்தப் பக்கம் தள்ளி வரைந்தால், தளத்தில் அதற்கேற்ற அளவு மண்ணை வெட்ட வேண்டும் அல்லது நிரப்ப வேண்டும் என்று அர்த்தம். இந்த வேலைக்கு கிரேடிங் என்று பெயர், நம் பேச்சில் மண் நிரவுவது. வெட்டிய மண்ணும் நிரப்ப வேண்டிய மண்ணும் ஏறக்குறைய சமமாக வந்தால் லாரியில் மண்ணை வெளியே கொண்டுபோகவோ வெளியிலிருந்து வாங்கவோ வேண்டாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: தோண்டிய மண் பள்ளத்தில் இருந்ததைவிட அதிக இடம் பிடிக்கும், மறுபடி இறுக்கினால் சுருங்கும். இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் அந்தக் கோட்டை வரைய வேண்டும்.

ஒரு சின்ன உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். வாசல் சாலையைவிட 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 என்ற சரிவைத் தாண்டக் கூடாது என்று பல நாடுகளின் விதிகள் சொல்கின்றன, அதாவது ஒரு பங்கு ஏறுவதற்குப் பன்னிரண்டு பங்கு தூரம். அப்படியென்றால் 7.2 மீட்டர் நீளத்தில் கம்பி பிடித்த ஒரு சாய்தளம் கட்டலாம், வாசலுக்குப் பக்கவாட்டில் அது ஒட்டவைத்தது மாதிரி நிற்கும். அதே 60 செ.மீ. உயரத்தை 1:20 சரிவில் ஏற்றினால் 12 மீட்டர் பாதை வேண்டும். அமெரிக்க விதிகளில் 1:20 வரையுள்ள சரிவு சாய்தளம் என்றே கணக்கில் வராது, கைப்பிடிக் கம்பி கட்டாயமில்லை. அதை வளைத்து, ஒரு மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, எல்லோரும் நடக்கும் முதன்மைப் பாதையாகவே ஆக்கிவிடலாம். படியேறுகிறவருக்கு ஒரு வழி, ஏற முடியாதவருக்குப் பின்பக்கமாக ஒரு வழி என்ற பிரிவே இல்லாமல் போகிறது. எனக்கு இந்தத் துறைமேல் பிடிப்பு வந்ததே இந்த மாதிரி இடங்களில்தான். இங்கே கணக்கும் கண்ணியமும் ஒரே கோட்டில் வருகின்றன.

ஆனால் அந்தப் பாதைக்காக மரத்தடியில் 30 செ.மீ. மண்ணைக் கொட்டினால்? வேர் மூச்சுத் திணறி அந்த மரம் சில வருடங்களில் மெல்லச் செத்துப்போகலாம். சரி, அப்போது கோட்டை மறுபடி நகர்த்த வேண்டும். இப்படி நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதுதான் வேலை.

இதுவரை வந்தது: நிலத்தின் வடிவத்தைச் சம உயரக் கோடுகளாகத் தாளில் படிக்கக் கற்கிறோம், பிறகு அந்தக் கோடுகளை நகர்த்தி நிலத்தையே மாற்றக் கற்கிறோம். ஒரு கோடு நகர்ந்தால் தண்ணீர், மரம், நடக்கிறவர் மூன்றும் பாதிக்கப்படும்.

## மழை பெய்தால் என்ன ஆகும்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். 2,000 சதுர மீட்டர் வாகன நிறுத்தத்தில் 50 மி.மீ. மழை என்றால் ஒரு லட்சம் லிட்டர். தார் போட்ட தரையாக இருந்தால் அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அப்படியே ஓடிவிடும். தரையில் இறங்காமல் மேலே ஓடும் இந்தத் தண்ணீரை வழிந்தோடும் நீர் என்பார்கள். மண் நன்றாக இருக்கும் சமமான புல்தரையாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் ஓடும். 90,000 லிட்டருக்கும் 20,000 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம், அடுத்த தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் புகுமா புகாதா என்பதைத் தீர்மானிக்கலாம்.

பழைய வழி, தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் குழாயிலும் கான்கிரீட் கால்வாயிலும் வெளியே தள்ளுவது. எல்லோரும் தள்ளினால் கடைசியில் இருப்பவர் முழுகுவார். இந்தப் படிப்பில் சொல்லித் தரும் வழி வேறு: தண்ணீரின் வேகத்தைக் குறை, பரவ விடு, மண்ணில் இறக்கு, மிச்சத்தை மட்டும் அனுப்பு. அதற்கு ஒரு எளிய கருவி மழைத்தோட்டம், அதாவது சுற்றுப்பரப்பின் மழைநீரைச் சில மணி நேரம் பிடித்துவைத்து மண்ணுக்குள் இறக்கும், அதற்கேற்ற செடிகள் நட்ட ஆழமில்லாத பள்ளம். பார்ப்பவருக்கு அது ஒரு பூம்பாத்தி.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூரின் பிஷான் – ஆங் மோ கியோ பூங்கா. அங்கே காலாங் ஆறு 2.7 கி.மீ. நீளத்துக்கு நேர்கோட்டில் ஓடும் கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து, 3.2 கி.மீ. நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாகத் திருப்பி அமைத்து 2012இல் திறந்தார்கள். வடிவமைத்தது ஹெர்பர்ட் டிரைசைட்லின் நிறுவனம். வெறும் மண் கரை அடித்துக்கொண்டு போய்விடாமல் இருக்கச் செடிகளின் வேரையும் கல்லையும் சேர்த்துக் கட்டிக் கரையைப் பிடித்தார்கள், அதையும் முன்கூட்டியே ஒரு சிறு பகுதியில் செய்து சோதித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். உடைத்த கான்கிரீட்டிலேயே ஒரு குன்று எழுப்பினார்கள். சாதாரண நாளில் மக்கள் ஆற்றோரம் புல்லில் உட்காருகிறார்கள். கனமழை வந்தால் அந்தப் புல்வெளியே ஆற்றுக்குக் கூடுதல் இடமாகிறது, தண்ணீர் ஏறுவதை முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடும் உண்டு. பூங்காவும் வெள்ள வடிகாலும் ஒரே இடத்தில்! இதை வடிவமைக்கக் கட்டுமானப் பொறியாளர் மட்டும் போதாது, தோட்டக்கலைஞர் மட்டும் போதாது. இரண்டு பேருடைய மொழியும் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும்.

## மண்ணும் மரமும், முக்கியமாகக் காலம்

நல்ல மண்ணில் பாதி இடம் காலியாக இருக்கும் என்று சொன்னால் முதலில் நம்ப முடியாது. மண் துகள்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி ஏறக்குறைய மொத்தக் கன அளவில் பாதி, அதில் காற்றும் நீரும் இருக்கும். வேர் வாழ்வது அந்த இடைவெளியில். ஒரு கட்டுமானத் தளத்தில் ஆறு மாதம் லாரியும் மண்வாரி எந்திரமும் ஓடினால் அந்த இடைவெளி நசுங்கிப்போகும். இதைத்தான் மண் இறுக்கம் என்கிறார்கள். அதன்மேல் நல்ல நாற்றங்காலிலிருந்து வாங்கிய கன்றை நட்டுத் தண்ணீர் ஊற்றி “ஏன் வளரவே மாட்டேன் என்கிறது” என்று கேட்டால் என்ன சொல்வது? மேல்மண்ணை வேலை ஆரம்பிக்கும் முன்பே வழித்து எடுத்துத் தனியாகக் குவித்துவைப்பதும், மரங்களைச் சுற்றி வண்டி போகாதபடி வேலி போடுவதும் வரைபடத்திலேயே எழுதப்பட வேண்டிய கட்டளைகள். அதை எழுதக் கற்றுத்தருவதும் இந்தப் படிப்பின் வேலை.

மரத்தின் வேர் அதன் உயரம் அளவுக்கு ஆழமாக இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மரங்களின் வேர்களில் பெரும்பங்கு மேலே ஒரு மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கும், ஆனால் பக்கவாட்டில் கிளைகளின் விரிவைத் தாண்டிப் போகும். நடைபாதையில் ஒரு சதுரக் குழி விட்டு நட்ட மரம் பாதையைத் தூக்கி உடைப்பதற்கும், வளராமல் குட்டையாகவே நிற்பதற்கும் காரணம் அதுதான். அதற்கு மண் போதவில்லை, தேடிக்கொண்டு போகிறது.

நடவு வரைபடம் என்று ஒன்று போடுவார்கள், எந்தச் செடி, எத்தனை, எங்கே, எவ்வளவு இடைவெளியில் என்று. அதில் வட்டங்களை இன்றைய அளவில் வரைவதா, வளர்ந்த அளவில் வரைவதா என்பதிலேயே பெரும்பாலான புதியவர்கள் தவறுவார்கள். இன்றைய அளவில் வரைந்தால் இடம் காலியாகத் தெரிகிறதே என்று நெருக்கி நட்டுவிடுவோம், ஏழெட்டு வருடத்தில் ஒன்றை ஒன்று அமுக்கும். வளர்ந்த அளவில் மட்டும் நட்டால் முதல் ஐந்து வருடம் பொட்டல்வெளி மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வழி தேடணும்: சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் போகும் செடிகளை இடையில் வைத்து, நிதானமாக வளரும் மரம் எழுந்து நிற்கும்போது அவை விலகிக்கொள்ளும்படி அமைப்பது ஒன்று.

கட்டடக்கலை படிக்கும் நண்பர்களோடு இதில்தான் பெரிய வேறுபாடு. கட்டடம் திறப்பு விழா அன்று முழுமையாக இருக்கும், பிறகு வயதாகும். நிலம் அன்றைக்குத்தான் வளர ஆரம்பிக்கிறது. பராமரிப்பவர் யார், அவரிடம் எத்தனை ஆட்கள், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்காமல் போட்ட வடிவம், எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதி வடிவம்தான்.

சுருக்கினால்: மண் உயிருள்ள பொருள், எந்திரம் ஏறினால் கெடும். மரத்துக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம். வடிவமைப்பவர் ஒரே இடத்தை இன்றைக்கும் இருபது வருடம் கழித்தும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## ஒற்றையடிப் பாதை சொல்லும் பாடம்

வளாகங்களில் கவனித்திருப்பீர்கள், அழகாகக் கல் பதித்த பாதை செங்கோணத்தில் திரும்பும், மக்களோ புல்லின்மேல் குறுக்கே நடந்து ஒரு ஒற்றையடிப் பாதை போட்டுவிடுவார்கள். வேலி கட்டினால் வேலியைச் சுற்றி இன்னொன்று வரும். தப்பு நடக்கிறவர்மேல் இல்லை, வரைந்தவர் அவர்களைப் பார்க்கவில்லை. அதனால் தளத்துக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பது இந்தப் படிப்பில் ஒரு பாடமாகவே வருகிறது: காலை, மதியம், இருட்டிய பிறகு, மழையில். யார் வருகிறார்கள், யார் வருவதே இல்லை, எங்கே நிற்கிறார்கள், எங்கே வேகமாகக் கடக்கிறார்கள்.

## ஸ்டூடியோ: படிப்பின் நடுத்தூண்

நீச்சலைப் புத்தகத்தில் கற்க முடியாது, தண்ணீரில் இறங்கித் தடுமாற வேண்டும். வடிவமைப்பும் அப்படித்தான். அதற்கான வகுப்புதான் ஸ்டூடியோ. ஒரு நிஜமான இடத்தைக் கொடுத்து, ஒரு பருவம் முழுவதும் அதை ஆராய்ந்து, வரைந்து, மாதிரி செய்து, திருத்தி, மறுபடி வரைய வைப்பார்கள். முதல் வருடம் ஒரு சின்ன முற்றம், போகப்போக ஒரு பூங்கா, ஒரு ஆற்றங்கரை, கடைசி வருடத்தில் ஒரு வட்டாரமே கூட. மற்ற பாடங்கள் எல்லாம், அதாவது மண், செடி அடையாளம் காணுதல், கட்டுமானப் பொருள்கள், வரலாறு, கணினி வரைதல், இங்கே வந்துதான் ஒன்று சேரும்.

ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் வரைபடங்களைச் சுவரில் ஒட்டி ஆசிரியர்கள், வெளியிலிருந்து வந்த தொழில்முறையாளர்கள் முன்னால் விளக்க வேண்டும். ஜூரி என்று சொல்வார்கள். முதல் ஜூரி பலருக்கும் வலிக்கும், மூன்று வாரம் தூங்காமல் வரைந்ததைப் பார்த்து “இந்தத் தண்ணீர் எங்கே போகும்?” என்று ஒரே கேள்வி கேட்பார்கள், பதில் இருக்காது. அது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை, வரைபடத்தைப் பற்றிய கேள்வி என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கே ஒரு வருடம் ஆகலாம். நேரம் நிறையப் பிடிக்கும் படிப்பு இது, அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் வடிவமைப்புப் படிப்புகளில் உண்டு. அதை நம்பாதீர்கள், தூங்காத மூளை சரிவுக் கணக்கில் தவறும்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோகேட், ரைனோ, நிலத் தகவலை அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கும் ஜிஐஎஸ் எல்லாம் வரும். கற்றுக்கொள்வீர்கள். அவை மாறிக்கொண்டே இருக்கும்.

## இந்தத் துறை எங்கிருந்து வந்தது

தோட்டம் போடுவது மனிதனுக்குப் பழைய வேலை. தனித் தொழிலாக இது பெயர் பெற்றது 19ஆம் நூற்றாண்டில். 1858இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கான போட்டியில் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் இருவரும் கொடுத்த திட்டம் வென்றது. இன்று 843 ஏக்கரில் இருக்கும் அந்தப் பூங்காவைப் பார்த்தால் நகரம் விட்டுவைத்த இயற்கை மாதிரி இருக்கும். உண்மையில் அதன் ஏரிகள் எல்லாம் மனிதர் வெட்டியவை. சதுப்பும் பாறையுமாக இருந்த நிலத்தை வெடிவைத்து, வடிகால் போட்டு, மண் கொண்டுவந்து செய்தது. நகரத்தின் குறுக்குச் சாலைகள் நான்கை நிலமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டதால் உள்ளே நடக்கிறவருக்கு வண்டிகள் தெரிவதே குறைவு. குளியலறை வாட்டம் மாதிரி, தெரியாமல் வேலை செய்கிறது.

அதே பூங்காவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்த நிலம் காலியாக இருக்கவில்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் வீடு கட்டி வாழ்ந்த செனெகா வில்லேஜ் என்ற குடியிருப்பு அங்கே இருந்தது, 1857இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வெற்று நிலம் என்று வரைபடம் சொன்னால் அதை நம்புவதற்கு முன் யாரையாவது கேட்க வேண்டும். துறையின் முதல் பெரிய வெற்றியிலேயே இந்தக் காயமும் சேர்ந்திருக்கிறது, வரலாற்றுப் பாடத்தில் இதைச் சொல்லித்தருவது அவசியம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் தொழில்முறைச் சங்கம் 1899இல் உருவானது, 1900இல் ஹார்வர்டில் பட்டப்படிப்பு ஆரம்பித்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய இயன் மெக்ஹார்க், 1969இல் வெளிவந்த தன் நூலில் ஒரு முறையை விளக்கினார்: வெள்ளம் வரும் இடம், நல்ல மண், காடு, செங்குத்துச் சரிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடித்தாள் வரைபடம். காக்க வேண்டிய இடங்களைக் கருமையாகத் தீட்டி, எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், வெளிச்சம் ஊடுருவும் இடம்தான் கட்டுவதற்கு ஏற்றது. மேலே சொன்ன ஜிஐஎஸ் இன்று கணினியில் செய்யும் வேலைக்கு இது ஒரு முன்னோடி. ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலையை இடித்துத் தள்ளாமல், உலைகளையும் சுவர்களையும் அப்படியே வைத்துப் பூங்காவாக மாற்றினார் பீட்டர் லாட்ஸ். பழைய எரிவாயுக் கிடங்கில் தண்ணீர் நிரப்பி இன்று ஆழ்முக்குளிப்புப் பழகுகிறார்கள்.

## பக்கத்து வீட்டுக்காரர்கள்

கட்டடக் கலைஞர் கட்டடத்தைப் பார்க்கிறார். கட்டுமானப் பொறியாளர் அது நிற்குமா, குழாய் தாங்குமா என்று பார்க்கிறார். தோட்டக்கலை படித்தவர் செடியை எப்படி வளர்ப்பது என்பதில் வல்லவர், அதில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டைவிட அவருக்கு நிறையத் தெரியும். நகரத் திட்டமிடுபவர் எந்த நிலம் எதற்கு என்ற கொள்கையை வகுக்கிறார். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் இவர்கள் எல்லோரோடும் உட்கார்ந்து, நிலத்தின்மேல் இவை எல்லாம் எப்படி ஒன்றாக இருக்கும் என்பதற்குப் பொறுப்பேற்கிறார். எல்லைகள் அவ்வளவு தெளிவாக இருக்காது, சண்டையும் வரும்.

## பட்டம், அங்கீகாரம், உரிமம்

இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டம் என்பது கல்லூரி தருவது. அங்கீகாரம் என்பது அந்தப் படிப்பு தரமானது என்று தொழில்முறை அமைப்பு ஒத்துக்கொள்வது. உரிமம் என்பது அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு தொழில் செய்ய உங்களுக்குக் கிடைக்கும் அனுமதி. ஓட்டுநர் பள்ளியில் படித்ததும், ஓட்டுநர் உரிமம் வாங்கியதும் வேறு வேறு இல்லையா, அதுபோல.

அமெரிக்காவில் இளநிலைத் தொழிற்பட்டம் நான்கு அல்லது ஐந்து வருடம், பிறகு பயிற்சி அனுபவம், அப்புறம் எல்ஏஆர்ஈ என்ற உரிமத் தேர்வு. பிரிட்டனில் பொதுவாக மூன்று வருட இளநிலைக்கு மேல் முதுநிலையும் படித்து, லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட்டின் தகுதிபெற்ற உறுப்பினராகும் வழி இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலும் ஐந்து வருட பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலை இளநிலைப் பட்டம், முடித்துவிட்டு முதுநிலையாகத்தான் இதைப் படிக்கிறார்கள், நேரடி இளநிலைப் படிப்புகள் குறைவு. அதனால் எங்கே படிக்கிறோம், எங்கே வேலை செய்யப்போகிறோம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். “லேண்ட்ஸ்கேப் டிசைன்”, “தோட்ட வடிவமைப்பு” என்று பெயர் கொண்ட படிப்புகள் நல்லவையாகவே இருக்கலாம், ஆனால் அவை உரிமத்துக்கு வழிவிடுமா என்பது தனிக் கேள்வி. சேர்வதற்கு முன்னால் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## சேர்வதற்கு முன் என்ன செய்யலாம்

பிரமாதமாக வரையத் தெரிய வேண்டும் என்பது தேவையில்லாத பயம். யோசிப்பதற்காக வரையத் தெரிந்தால் போதும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. கணக்கில் சரிவு, விகிதம், பரப்பு, கன அளவு, கொஞ்சம் முக்கோணவியல். உயிரியலும் புவியியலும் பிடித்திருந்தால் நல்ல அடித்தளம்.

பல கல்லூரிகள் போர்ட்ஃபோலியோ கேட்கும், அதாவது நீங்கள் செய்தவற்றின் தொகுப்பு. அதில் பூவும் சூரிய அஸ்தமனமும் வரைந்து வைப்பதைவிட இதைச் செய்து பாருங்கள்: தினமும் கடந்துபோகும் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பெரிதாக வேண்டாம், ஒரு வாசல், ஒரு மூலை. மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு போய் தண்ணீர் ஓடும் திசையை அம்புக்குறி போட்டு வரையுங்கள். நிழல் காலையில் எங்கே, மதியம் எங்கே என்று குறியுங்கள். மக்கள் நடந்த தடத்தைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். நீளத்தைக் காலடியால் அளந்து, உயர வித்தியாசத்தை ஒரு நீர்மட்டக் குழாயால் (தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய், இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்) பாருங்கள். பிறகு அந்த இடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி வரைந்து, அதனால் தண்ணீரும் நிழலும் நடப்பவரும் எப்படி மாறுவார்கள் என்று அடுத்த தாளில் யோசியுங்கள். சரிவரவில்லை என்றால் இன்னொரு தாள். எல்லாத் தாள்களையும் தேதி போட்டு, அழித்துத் திருத்திய கோடுகளோடு அப்படியே தொகுப்பில் வையுங்கள்.